சுவருக்குள் மறைந்திருக்கும் அமானிதம்





சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் என் ராத்தாவின் புது வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். மச்சான் வளைகுடாவில் 14 ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், எங்கள் கடற்கரை ஊரில் எழுப்பிய வீடு அது. முகப்பில் பளிங்குத் தூண்கள், கூடத்தில் பெரிய டைல்ஸ், தேக்கு மரத்தில் தலைவாசல். துஆ ஓதி, உறவினருக்கெல்லாம் விருந்து வைத்துக் குடிபுகுந்து எட்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன.

ஒரு நாள் ஃபஜ்ருக்கு உளூச் செய்யப் போன உம்மா, குழாயைத் தொட்டதும் கை சுர்ரென்றதாகச் சொன்னார்கள். வயதானதால் நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மறுநாளும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் நாள் ராத்தாவின் மகள் ஈரக் கையோடு அதே குழாயைத் தொட்டு அலறிய பிறகுதான் எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். கீசருக்கான பிளக் பாயிண்டை அவர் கழற்றிக் காட்டினார். மூன்று துளைகளில், எர்த்துக்கு உரிய பெரிய துளையின் பின்னால் கம்பியே இல்லை. மெயின் பெட்டியிலிருந்து மண்ணுக்குள் இறங்கவேண்டிய எர்த் கம்பி, சுவரோரம் ஒரு சாண் நீளத்தில் வெட்டி மடக்கி விடப்பட்டிருந்தது. எர்த்துக்கான குழியையே எவரும் தோண்டவில்லை.

அதே வாரத்தில், மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள அறையின் கூரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கறை படர்ந்தது. ராத்தா தொழுவதற்கு முஸல்லா விரித்திருந்த இடம் அதற்கு நேர் கீழே. சொட்டுவது மழைநீரா, கழிப்பறை நீரா என்று தெரியாத ஐயத்தில் அவர் தொழும் இடத்தையே மாற்றவேண்டியதாயிற்று.

அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. வீடு கட்டுபவர், விற்பவர், வாங்குபவர் ஆகிய மூவருமே தொழுகையாளிகளாக இருந்தும், சுவருக்குள் நடக்கும் இந்த வஞ்சகத்தை நாம் ஏன் மார்க்கத்தோடு தொடர்புடைய ஒன்றாக எண்ணிப் பார்ப்பதில்லை?

ஈரத்தின் மேல் உலர்ந்த தானியம்

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சி நாம் அனைவரும் ஜும்ஆ பயான்களில் கேட்டதுதான். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக உரிமையாளர் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. தானியம் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. மழை அவர் கையில் இல்லை. நனைந்ததைக் கீழே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றமாயிற்று. கட்டுமானத்திலும் பிழை நேர்வது இயல்பே. கொத்தனார் மனிதர், வெயில், மழை, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்டு. ஆனால் பிழை நேர்ந்தது தெரிந்த பிறகு, அதன் மேல் பூச்சு பூசி, டைல்ஸ் ஒட்டி, வண்ணம் அடித்துச் சாவியைக் கையில் கொடுப்பது, ஈரத்தின் மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்புவதே அன்றி வேறில்லை.

மற்றொன்றும் உண்டு. நபியவர்கள் குவியலைப் பார்த்ததோடு நிற்காமல், கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். வீட்டை ஒப்படைக்குமுன் சோதித்துப் பார்ப்பதை நம்பிக்கையின்மை என்று கருதுவோருக்கு இதில் பாடம் இருக்கிறது.

அந்தக் கையை எங்கெல்லாம் விட்டுப் பார்க்கவேண்டும் என்பதைச் சிறிது விரிவாகவே சொல்கிறேன். உம்மாவுக்கு நேர்ந்ததற்குப் பின் பொறியாளர்களிடமும் மேஸ்திரிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

நீர் போகும் வழி

நம் வீடுகளில் பிறர் வீடுகளைவிடத் தண்ணீர்ப் புழக்கம் அதிகம். ஆறு பேர் உள்ள குடும்பத்தில் ஐந்து வேளை உளூ என்றால், ஒரே இடம் நாளொன்றுக்கு 30 முறை நனைகிறது. குளிப்பும் துவைப்பும் தனி. ஆகவே நம் வீட்டின் முதல் பகை ஓதம்தான்.

கழிப்பறையின் இருக்கை கிப்லாவை நோக்கியோ கிப்லாவுக்கு முதுகு காட்டியோ அமைந்துவிடக்கூடாது என்பதில் நாம் காட்டும் கவனம் பாராட்டத்தக்கது; வரைபடத்தையே அதற்காக மாற்றுகிறோம். அந்தக் கவனத்தில் பாதியையேனும் அதே அறையின் தரைச் சாய்வுக்குக் காட்டுகிறோமா? ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் அது முழுவதும் நானி டிராப்பைச் சென்றடைய வேண்டும். மூலையில் குட்டையாகத் தேங்கினால் சாய்வு தவறு. தேங்கும் நீர் வழுக்கும். முதியவர்கள் விழுவது இப்படித்தான். அந்த நீரே பின்னர் இணைப்புகளின் வழியே கீழே இறங்கத் தொடங்கும்.

டைல்ஸ் ஒட்டிவிட்டால் தண்ணீர் இறங்காது என்று பலரும் நம்புகிறோம். இது தவறான நம்பிக்கை. டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள கோடுகளின் வழியே நீர் கசியும். அதைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சுதான். அது தரையோடு நின்றுவிடாமல் சுவரிலும் குறைந்தது ஓரடி உயரத்திற்கு ஏறவேண்டும். குளிக்கும் பக்கத்தில் இன்னும் உயர வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையும், குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்களும்தாம் மிகுதியாகக் கைவிடப்படுபவை. பூச்சு முடிந்தபின், டைல்ஸ் ஒட்டுமுன், வடிகாலை அடைத்து ஓரிரு அங்குல உயரத்திற்கு நீரை நிறுத்தி, 24 முதல் 48 மணி நேரம் விட்டு, கீழே உள்ள கூரையைப் பார்க்கவேண்டும். இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் இரண்டு நாள் வேலை நிற்கும் என்பதாலேயே பல இடங்களில் இது தவிர்க்கப்படுகிறது. ராத்தா வீட்டிலும் தவிர்க்கப்பட்டது. இப்போது குளியலறைத் தரை முழுவதையும் உடைத்து மீண்டும் போடவேண்டிய நிலை.

மொட்டைமாடிக்கும் இதே சோதனைதான். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தையும், மழைநீர் இறங்கும் துளைகளைச் சுற்றியும் பாருங்கள். ஜன்னல்களின் கீழ்ப்படி வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உட்புறமாகச் சாய்ந்த ஒரு படி, ஒவ்வொரு மழைக்கும் சுவருக்குள் நீரை அனுப்பிக்கொண்டேயிருக்கும்.

இவ்வளவும் நம் வீட்டுக்குள். நம் மாடி நீரை அடுத்தவர் மனையில் இறக்கும் குழாயும், அண்டை வீட்டுக் கிணற்றோரம் தோண்டிய செப்டிக் டேங்கும் எண்ணற்ற வீடுகளில் காணப்படுகின்றன. அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைப்பது பற்றிய எச்சரிக்கைகளை நாம் மனப்பாடமாக அறிவோம். அவை சண்டை சச்சரவுகளை மட்டும் குறிப்பன அல்ல. நம் கழிவு அவர் குடிநீரில் கலப்பதைவிடப் பெரிய தீங்கு எது?

உயிரோடு விளையாடும் குறை

ஓதம் பணத்தைத் தின்னும். மின்சாரக் குறை உயிரைத் தின்னும்.

கீசருக்குள் உள்ள சூடேற்றும் கம்பியின் காப்பு பழுதடைந்தால், மின்சாரம் நீரிலும் உலோகப் பகுதியிலும் பாயும். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையெனில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் தொடும் மனித உடலே அதற்கு வழியாகிவிடுகிறது. உளூச் செய்பவரின் நிலை சரியாக இதுதான் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி. நம்மைக் காக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது கம்பிகள் அளவுக்கு மீறிச் சூடாகாமல் காப்பது. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் மற்றொரு கருவி. வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்துவது வழக்கம். அந்த அளவு மின்கசிவு ஏற்பட்டாலே ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கவேண்டும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பொத்தான் வேலை செய்வதால் எர்த்தும் இருக்கிறது என்று பொருளாகாது. எர்த்தைத் தனியே, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்க்கவேண்டும்.

இன்னொரு மோசமான பழக்கம் பற்றியும் சொல்லவேண்டும். எர்த் கம்பி இழுக்காத இடங்களில், சிலர் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரல் கம்பியிலிருந்து ஒரு துண்டை எர்த் துளையில் இணைத்துவிடுகின்றனர். சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே எரியும். எங்கேனும் நியூட்ரல் அறுந்துபோனால், அந்த இணைப்பில் உள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். தெரிந்தே செய்யப்படும் ஏமாற்று இது. இதைச் செய்பவர் ஒரு மனித உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதை அவரிடம் எவரேனும் சொல்லியிருக்கவேண்டும்.

கம்பியின் தடிமனும் முக்கியம். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய கம்பியில் அதை மாட்டினால் கம்பி சூடாகும்; காப்பு உருகும். கீசர், ஏ.சி. போன்றவற்றுக்குத் தனித்தனியே தடித்த கம்பி மெயின் பெட்டியிலிருந்து வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

எலும்பும் தோலும்

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் வீட்டின் எலும்பு. அதைச் சுற்றிப் போதிய கான்கிரீட் போர்வை இருக்கவேண்டும். சாதாரணச் சூழலில் கூரைத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூண்களுக்கு 40 மில்லிமீட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் குறைந்த அளவு. கடற்கரையில் இதைவிடக் கூடுதலாக வேண்டும். இதற்காகவே கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்கிறார்கள். அது வைக்கப்படாமல் கம்பி சென்ட்ரிங் பலகையின் மேலேயே கிடந்தால், சில ஆண்டுகளில் கூரையின் அடியில் துருக் கோடுகள் தெரியும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் காரையை உடைத்துத் தள்ளும். பழைய வீடுகளில் கட்டிலின் மேல் காரை பெயர்ந்து விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

எங்களைப் போன்ற கடற்கரை ஊரார்க்குக் கூடுதல் சோதனை ஒன்றுண்டு. உப்பு நீர் உள்ள போர்வெல்லிலிருந்தே கலவைக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. பல கிணறுகளின் நீர் இதைத் தாண்டும். கடற்கரை மணலைக் கலப்பதும் இதே அழிவைத் தரும். நீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, தலைவாசலுக்குப் பித்தளைக் கைப்பிடி வாங்கும் செலவைவிடக் குறைவு.

பிறகு க்யூரிங். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்தவேண்டும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாட்கள். இப்போது பெரும்பாலும் பயன்படும் சாம்பல் கலந்த சிமெண்ட் என்றாலோ, வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலம் என்றாலோ குறைந்தது 10 நாட்கள் ஈரம் காயாமல் இருக்கவேண்டும். தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைக்கவேண்டும். இது செய்யப்பட்டதா என்பதை வீடு முடிந்தபின் கண்ணால் காண முடியாது. அல்லாஹ் ஒருவன் மட்டுமே பார்க்கும் வேலை இது. மேஸ்திரியின் தக்வாவை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

இத்துடன் ஒரு நீதியும் சொல்லவேண்டும். எல்லா விரிசலும் குற்றமன்று. பூச்சில் மயிரிழைபோல் ஓடும் கோடுகள் காய்வதால் வருபவை. அவற்றைக் காட்டிக் கூலியைப் பிடிப்பது அநியாயம். தூணிலும் பீமிலும் தோன்றும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி நாளுக்கு நாள் அகலும் விரிசல், கதவுகள் திடீரெனச் சிக்கத் தொடங்குதல் ஆகியவையே பொறியாளரை உடனே அழைக்கவேண்டிய அடையாளங்கள். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. ஓரிரண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அறை முழுதும் அப்படி என்றால், நான்கு மூலையிலும் உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

நாம் சொல்லும் சமாதானங்கள்

வீட்டைச் சோதிக்கலாம் என்றால் நம்மிடையே மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது, ‘நம்ம ஆளு, தொழுகையாளி, அவரைச் சந்தேகப்படலாமா?’ என்பது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தில், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. விற்பனையின்போது சாட்சி வைத்துக்கொள்ளவும் அதே வசனம் வழிகாட்டுகிறது. அந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் ஸஹாபாக்கள். அவர்களைவிட நம்பத்தகுந்த ஒப்பந்தக்காரர் நம் ஊரில் இருக்கிறாரா? எழுதுவதும் சரிபார்ப்பதும் சந்தேகமன்று. சந்தேகம் வராமல் உறவைக் காக்கும் வேலி.

இரண்டாவது, ‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்’ என்பது. உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு சொல்லப்பட்ட உம்மத் நாம். எர்த் கம்பி இணைக்கப்படாத குழாயில் அடிபட்டதைக் கத்ர் என்று சொல்லி, இணைக்காதவரின் பொறுப்பை அழித்துவிடலாகாது.

மூன்றாவது, பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பதைக் காட்டி, விற்கப்படும் வீட்டின் குறையைச் சொல்லாமல் இருப்பது. அந்த நபிமொழி மனிதரின் தனிப்பட்ட தவறுகளைப் பற்றியது. சந்தைக்கு வந்த பொருளின் பழுதைப் பற்றியதன்று. குறை தெரிந்த மூன்றாமவரும் வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லவேண்டும் என்றே ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதியிருக்கின்றனர். தரகர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

குற்றம் ஒரு பக்கம் மட்டுமன்று

ஒப்பந்தக்காரரை மட்டும் குறை சொல்லி இக்கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது.

மச்சான் வீட்டுக் கணக்கை நான் பின்னர் பார்த்தேன். முகப்புக்கும் பளிங்குக்கும் செலவழித்தது, மின்சார வேலைக்கும் நீர்த்தடுப்புக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிடப் பல மடங்கு. எர்த் குழிக்கான தொகை ஒப்பந்தத்தில் தனியே எழுதப்படவில்லை. சதுர அடிக்கு மிகக் குறைந்த தொகை சொன்னவருக்கே வேலை கொடுக்கப்பட்டது. அந்தத் தொகையில் நேர்மையாக வேலை செய்ய இயலாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கவேண்டும். மேலும், குடிபுகும் தேதியை முன்னரே அறிவித்துவிட்டு, அதற்குள் முடிக்கும்படி நாங்கள் அனைவரும் நெருக்கினோம். நீர் நிறுத்திச் சோதிக்கும் இரண்டு நாளை உண்மையில் தின்றவர்கள் நாங்கள்தாம்.

வேலையாளின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கவேண்டும் என்று பிறருக்கு உபதேசிக்கும் நாம், கடைசித் தவணையை மாதக் கணக்கில் இழுத்தடிக்கிறோம். அந்த அச்சத்தால் அவரும் வேலையில் முன்கூட்டியே கைவைக்கிறார். இரு தரப்பிலும் நேர்மை குறைந்து, இடையில் வீடு பழுதாகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்திலமைந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பரக்கத் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்பதை இப்போது எங்கள் குடும்பம் அறியும்.

சட்டமும் ஷரீஅத்தும்

பதிவு செய்யப்பட்ட அடுக்குமாடித் திட்டங்களில் வீடு வாங்கியோருக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஓர் உரிமை தருகிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து அறிவித்தால், கட்டியவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும். தனி வீட்டை ஒப்பந்தத்தில் கட்டியவர்களுக்கும் வழியுண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே கொள்கிறது. ஆகவே ஒப்பந்தம், ரசீது, புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் இச்சட்டங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்று ஒரு தலைப்பை வைத்திருக்கின்றன. வாங்கும்போதே இருந்து, பின்னர் வெளிப்பட்ட குறைக்காகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை அது. அதன் விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடுகள் உண்டு. தெரிந்தே மறைப்பதை எந்த மத்ஹபும் அனுமதிக்கவில்லை. வழக்கு மன்றத்தில் கால வரம்பு உண்டு. மறுமையின் மன்றத்தில் இல்லை.

என் கணக்கு

இவ்வளவு எழுதியவன் தன் கணக்கை மறைத்தல் தகாது. ஏழு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாட்டனாரின் பழைய வீட்டை விற்றோம். மேற்குச் சுவரில் ஒவ்வொரு மழைக்கும் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். தரகரின் யோசனைப்படி, ஆள் பார்க்க வருமுன் அந்தச் சுவரைச் சுரண்டிப் பூசி வண்ணம் அடித்தோம். வாங்க வந்தவர் ஓதம் உண்டா என்று கேட்டார். ‘இப்போது ஒன்றும் இல்லையே’ என்று நான்தான் சொன்னேன். சொல் பொய்யன்று, எண்ணம் பொய்.

அவர் அதன் பின்னும் பள்ளிவாசலில் காணும்போதெல்லாம் ஸலாம் சொல்லி வந்தார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ராத்தா வீட்டில் உம்மாவின் கை சுர்ரென்ற பிறகு, பிறர் மேல் கோபப்பட்ட எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. அவரைத் தேடிச் சென்று, நடந்ததை ஒப்புக்கொண்டு, சுவருக்கு அவர் செலவழித்ததைக் கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

“தம்பி, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விலையில குறைச்சுப் பேசி முடிச்சிருப்போம். இத்தனை வருஷமா உங்களுக்கு ஸலாம் சொல்றப்பல்லாம் மனசுல ஒரு முள்ளு இருந்துச்சு.”

பணத்தை வாங்கிக்கொண்டார். அதற்காக நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

நம்மால் இயன்றவை

மிகப் பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. குழாய்களையும் மின்கம்பிகளையும் சுவருக்குள் புதைத்துப் பூசுமுன், ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்துக்கொள்வோம். வளைகுடாவிலிருந்து வீடு கட்டும் சகோதரர்கள் முகப்பின் படத்தைக் கேட்பதற்கு முன், கவர் பிளாக்கின் படத்தையும், நீர் நிறுத்திய குளியலறையின் படத்தையும், எர்த் குழியின் படத்தையும் கேட்கட்டும். சாவி வாங்குமுன், கட்டியவருக்குத் தொடர்பில்லாத ஒரு பொறியாளரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் அழைத்து ஒரு நாள் பார்க்கச் செய்வோம். ஒப்பந்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை, ஒரு மழைக்காலம் கழிந்த பின் தருவதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வோம். அந்த மழை கழிந்ததும் ஒரு நாளும் தாமதியாமல் கொடுப்போம்.

ஜமாஅத்துகள் இதில் முன்வரலாம். நம் பிள்ளைகளில் கட்டுமானப் பொறியியல் படித்தவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஏழைக் குடும்பங்களின் வீடுகளில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக உள்ளனவா என்று அவர்கள் பார்த்துக் கொடுத்தால், ஓர் உயிரைக் காத்த நன்மை அவர்களுக்குக் கிடைக்கும். அந்தச் சோதனையைப் பள்ளிவாசலின் உளூச் செய்யும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.

ராத்தா வீட்டில் இப்போது எர்த் குழி தோண்டி, கம்பி இழுத்தாயிற்று. குளியலறை வேலை நடந்துகொண்டிருக்கிறது. உம்மா இன்னும் குழாயைத் தொடுமுன் ஒரு கணம் தயங்குகிறார்கள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லித் திறக்கிறார்கள். அந்த ஒரு கணத் தயக்கத்திற்கு எவர் பதில் சொல்வது?

கட்டுபவர், விற்பவர், வாங்குபவர் ஆகிய நம் அனைவரின் உள்ளங்களிலும் அல்லாஹ் அமானிதத்தைப் பேணும் உறுதியைத் தருவானாக. நாம் வசிக்கும் வீடுகளை அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக ஆக்குவானாக. ஆமீன்.